மூன்றரைப் படுக்கை

கம்பளத்தைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு
மஞ்சள் ஒட்டுநாடாவால் தரையில் ஒரு படகு போட்டோம்.
நீளம் ஆறு மீட்டர் நாற்பது. சாப்பாட்டறைக்குள்ளும் கொஞ்சம் போயிற்று.
அகலம், சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே எவ்வளவோ அவ்வளவு.
"இதற்குள் ஓர் இரவு," என்றேன்.
"நாடாவைத் தாண்டினால் கடல்."

கூல்வென் கூரைக்குப் பலகைக்கல் வேய்பவன்,
ஆறடி மூன்றங்குலம்.
கூர்முனைக்குள் கால்களைச் செருகிப் படுத்தான்.
அவன் முழங்கை போன இடமெல்லாம் என் விலா.
அசெனோர், பதின்மூன்று வயது,
சுவரில்லாத இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
மாலோ கரடிப்பொம்மையோடு
அடுப்பு வரவேண்டிய இடத்தில் தூங்கிப்போனான்.

இரவு மூன்று மணிக்கு அவனுக்கு முட்டிக்கொண்டு வந்தது.
கழிப்பறை என்று ஒரு வாளி வைத்திருந்தோம்.
அங்கே போய்ச் சேர்வதற்குள்
என் வயிற்றில் ஒரு கால், அக்கா கூந்தலில் ஒரு கால்.
கூல்வென் எழுந்தான்,
இல்லாத கூரைக்குத் தலையைக் குனிந்தான்.
அப்போதே தெரிந்துவிட்டது,
இவன் மனத்தில் வாங்கியாயிற்று.

முதலில் பார்த்தது ஒரு பல்மருத்துவருடையது.
ஆழமான அடிக்கட்டை. நிமிர்ந்து நிற்கலாம். குழாயில் சுடுநீர்.
அவர் காட்டிய சிரிப்பைப்போலவே வெள்ளை.
ஆனால் அதைக் கட்டிவைக்கும் ஆழத்துக்குத்
துறைமுகத்தில் பதினொரு வருட வரிசை.
மாலோ விரல்விட்டுக் கூட்டினான்:
"அப்போது எனக்குப் பதினெட்டு!"
இன்னொருத்தியின் வயதை
நான் வாய்விட்டுக் கூட்டவில்லை.

இரண்டாவது, மரம்.
தேன்நிறப் பலகை, பித்தளை விளக்கு.
கூல்வென் குரல் தானாகத் தாழ்ந்தது,
தேவாலயத்துக்குள் நுழைந்தவன்போல.
நான் தரைப்பலகையைத் தூக்கி
பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன்.
வெண்ணெய்.
கத்தியை மடித்தேன். வீடு வரும்வரை
அவன் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது மோர்பிஹான் வளைகுடாவின் ஒரு மூலையில்,
சிப்பிப் பண்ணைக்குப் பின்னால்,
நீர் வற்றிய சேற்றில் இரண்டு அடிக்கட்டைகளை ஊன்றி
வாத்துபோல் நின்றுகொண்டிருந்தது.
இதற்குத் துறைமுகம் வேண்டாம்; கடல் போனால் உட்காரும்,
வந்தால் எழுந்துகொள்ளும்.
பாயில் இரண்டு ஒட்டு. இருமும் எஞ்சின்.
உள்ளே ஈரம், மண்ணெண்ணெய், யாரோ வதக்கிய வெங்காயம்.
"நால்வர் படுக்கலாம்," என்றாள் பண்ணைக்காரி ரோசென்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

அந்த நாலாவது ஆளை எல்லாப் படகிலும் சொல்கிறார்கள்.
ஐந்தடி உயரம், தோள் கிடையாது,
புரள்வதில்லை, கனவில் உதைப்பதில்லை.
எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

"நான் கரையில் கூடாரம் போட்டுக்கொள்கிறேன்,"
போனிலிருந்து கண்ணெடுக்காமல் அசெனோர் சொன்னாள்.
"பிரச்சினை தீர்ந்தது!" என்றான் கூல்வென்.
எனக்கு மட்டும் எங்கோ ஒரு முடிச்சு நழுவியது.

இன்னும் எத்தனை கோடை?
நாலு. அதில் மழை ஒன்றைக் கொண்டுபோகும்.
தோழிகள் ஒன்றை.
பெரிதாக வாங்கினால்
வெறும் படுக்கைகளை இழுத்துக்கொண்டு போவோம்,
சிறிதாக வாங்கினால்
போகச்சொல்லி நாங்களே வழிவிட்டதாகும்.
இதற்கு அளவுநாடாவில் கோடு கிடையாது.

மூவாயிரத்து இருநூறு, என்றாள் ரோசென்.
பாய் ஒட்டுக்கு இருநூறு குறையுங்கள், என்றேன்.
அவள் பாயைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.
ஏற்றம் தொடங்கியிருந்தது, சேற்றுச் சிற்றோடைகளில்
நீர் சத்தமில்லாமல் பின்னோக்கி ஓடிற்று.
மாலோவைக் காணோம். தேடினால்
சுக்கானுக்குக் கீழே நீண்ட பொந்தில்
கால்கள் மட்டும் தெரிந்தன.
எலிவளையானாலும் தனிவளை.

பேரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் நின்றபோது
முன்னறையிலிருந்து அசெனோரின் குரல்,
எப்போது ஏறினாளோ:
"தலைக்கு மேல் இந்த ஜன்னல் திறக்குமா?"

"திறக்கும்," என்றாள் ரோசென்.
"மூடுவதுதான் பாடு."

கூல்வென் நோட்டுகளை இரண்டுமுறை எண்ணினான்.
மூன்றாவது முறை எண்ணும்போது
கணுக்கால்வரை தண்ணீர்.